செருப்பைக் கழற்றும் இடம்

கல்கத்தாவில் துர்கா பூஜைப் பந்தலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டே போகலாம். இதைச் சொன்னால் கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பா முகம் சுளிப்பார். "அம்பாள் இருக்கிற இடத்துக்காம்மா?" என்பார். ஆமாம், அம்பாள் இருக்கிற இடத்துக்குத்தான். ராத்திரியெல்லாம் நடந்து, மூங்கில் தடுப்புக்குள் வரிசையில் ஊர்ந்து, காலைக் கடிக்கும் புதுச் செருப்போடு ஜனங்கள் அவள் முன்னால் வந்து நிற்கிறார்கள். மேடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். புரோகிதர், பழம் நறுக்கும் பெண்கள், அஞ்சலி செய்ய வருகிறவர்கள் என்று அந்தக் கயிற்றைத் தாண்டுகிறவர்கள் மட்டும் செருப்பைக் கழற்றுவார்கள்.

அந்தக் கயிற்றை யார் கட்டுகிறார்கள், எங்கே கட்டுகிறார்கள்? கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு, பாடப் புத்தகத்தில் இருந்த பல கேள்விகளைவிட இந்தக் கேள்விதான் பெரியதாகத் தெரிகிறது.

நான் லேக் மார்க்கெட் பக்கத்தில் வளர்ந்தவள். அப்பா டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோகிராபர் வேலைக்கு வந்தவர். எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் அப்போது தென் கல்கத்தாவில் நிறைய இருந்தன. நவராத்திரி வந்தால் வீட்டுக்குள் கொலு, தெருவில் துர்கை. படிக்கட்டுப் பொம்மைகளுக்கு ஒன்பது நாளும் சுண்டல் உண்டு. தசராவுக்கு மறுநாள் அவை காகிதம் சுற்றிப் பெட்டிக்குள் போகும். தெருவில் இருந்தவளோ லாரியில் ஏறி ஆற்றுக்குப் போவாள். இரண்டில் எது சாமி, எது பொம்மை என்று சின்ன வயதில் கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "இப்போ போய்ப் படி."

அந்தத் தெருத் துர்கைக்கும் ஒரு கதை உண்டு. 1757-இல் பிளாசிப் போருக்குப் பிறகு ஷோபாபஜார் மாளிகையில் நவகிருஷ்ண தேவ் நடத்திய பூஜை போன்றவை பணக்கார வீடுகளின் பெருமை. தெருக்காரர்கள் சந்தா போட்டு நடத்தும் பொதுப் பூஜைகள் கல்கத்தாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவின. பாக்பஜார் பூஜை 1919-இல் ஆரம்பித்தது. 1985-இல் ஒரு பெயின்ட் கம்பெனி சிறந்த பூஜைக்குப் பரிசு என்று அறிவித்ததும் போட்டி சூடு பிடித்தது. அதற்கும் முன்னாலேயே பவானிப்பூர் பகுல் பாகானில் நீரோத் மஜும்தார், மீரா முகர்ஜி மாதிரியான பெரிய கலைஞர்களை அழைத்துச் சிலையை வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து 'தீம்' பூஜைகள். பந்தலே ஒரு கலைப்படைப்பு. ஓவியர், சிற்பி, ஒளிக்காரர், இசைக்காரர், மூங்கில் ஆசாரி, சில இடங்களில் நாடகக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மாதக்கணக்கில் கட்டுவது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் கல்கத்தா துர்கா பூஜை சேர்ந்தது. 2019-இல் மட்டும் இதைச் சுற்றிப் புரண்ட பணம் 32,377 கோடி ரூபாய் என்று ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. கடவுளுக்கு ரூபாய்க் கணக்கு எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் ஊர் உண்டியல்களும் எண்ணப்படுகிறவைதானே.

எங்கள் பாரா, அதாவது எங்கள் பேட்டை, ஒரு வருஷம் தீம் பூஜைக்குத் துணிந்தது. ஆர்ட் காலேஜில் சிற்பம் படித்த இளைஞர் ஒருவர் ஒரு யோசனையோடு வந்தார். விடியற்காலை கேனிங் லோக்கலில் தெற்குக் கிராமங்களிலிருந்து வந்து இறங்கி, எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சமைத்துவிட்டு, சாயங்காலம் அதே ரயிலில் திரும்புகிற பெண்கள்தான் தீம். பந்தல் ஒரு ரயில் பெட்டி. கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான பழைய அலுமினியப் பாத்திரங்கள் தொங்கும். அவற்றை அந்தப் பெண்களிடமிருந்தே வாங்கி, பதிலுக்குப் புதியவை கொடுத்தார்கள். மூங்கில் வேலைக்கு மேதினிபூர் ஆட்கள், விளக்குக்குச் சந்தன்நகர்க்காரர். மாலை நேரங்களில் ஒரு நாடகக் குழுவின் பெண்கள் பெட்டியில் பயணிகளோடு பயணிகளாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், சண்டை போடுவார்கள், திடீரென்று பாடுவார்கள். என்னிடம் கேட்டது ஒரு தாலாட்டு. "வார்த்தை வேண்டாம் மாஷிமா, ராகம் மட்டும்" என்றான் ஒலி வேலை செய்த பையன். நீலாம்பரியை முணுமுணுத்துக் கொடுத்தேன். ரயில் ஓசைக்கு அடியில் அது ஓடிக்கொண்டேயிருந்தது.

இதில் துர்கை எங்கே? பெட்டியின் கடைசியில் இரும்புத் தகட்டிலும் கம்பியிலும் செய்த பெரிய உருவம். பத்துக் கையிலும் ஆயுதத்துக்குப் பதில் கரண்டி, துடைப்பம், அரிவாள்மணை. மகிஷன் இல்லை, தண்ணீர்க் குழாய் ஒன்று மட்டும். பார்க்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் பூஜை அவளுக்கு நடக்கவில்லை. பக்கத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு சின்ன மண் துர்கை, அதற்கும் முன்னால் ஒரு கலசம். தீம் பந்தல்கள் பலவற்றில் இதே ஏற்பாடுதான்.

ஃபோனில் படம் பார்த்த சித்தப்பா கேட்டார்: "அப்போ பெரிசு வெறும் ஷோவா?" வெறும் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகப் போடக் கூடாது என்பது என் கட்சி.

அந்தக் கலசத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். அடியில் பிசைந்த மண், அதன் மேல் குடம், குடத்தில் கங்கைத் தண்ணீர், வாயில் மாங்கொத்து. நம் ஊர்க் கும்பத்தில் உரித்த தேங்காய் வைப்போம்; இங்கே காம்போடு பச்சை இளநீர். குடத்தின் மேல் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து விரலால் ஒரு சின்ன மனித உருவம் வரைகிறார் புரோகிதர். தலை, கை, கால் எல்லாம் சேர்த்து ஐந்தாறு கோடு, அவ்வளவுதான். சுற்றி நாலு மூலையில் குச்சி நட்டுச் சிவப்பு நூலால் வேலி. சப்தமி விடியற்காலையில் வாழைக்கன்று உட்பட ஒன்பது வகைச் செடிகளைச் சேர்த்துக் கட்டி, ஆற்றில் நீராட்டி, சிவப்புக் கரைப் புடவை சுற்றிக் கொண்டுவந்து பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். அதுவும் துர்கைதான். அபிஷேகம் எதற்கு நடக்கிறது தெரியுமா? கண்ணாடிக்கு. மண் சிலைமேல் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். அதனால் அவள் பிம்பம் விழும்படி ஒரு கண்ணாடியைப் பிடித்து, அதன் மேல் ஊற்றுகிறார்கள். தசமி அன்று அதே கண்ணாடியைத் தண்ணீரில் இறக்குவதோடு விசர்ஜனம் ஆகிவிட்டது. லாரி, மேளம், ஆறு எல்லாம் அதற்குப் பிறகு. ஆற்றுக்குப் போவது அவள் கிளம்பிப் போன வீடு.

ஆக, சடங்குக்குத் தேவை ஒரு குடம், ஒரு கண்ணாடி, ஒன்பது செடி. அழகான முகம்கூட அதற்குத் தேவையில்லை. சடங்கு இவ்வளவு குறைவாகக் கேட்பதால்தான் கலைக்கு இவ்வளவு இடம் கிடைக்கிறது. தெய்வம் குடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருப்பதால் சிற்பி தகட்டைக் கையில் எடுக்கலாம், மகிஷனை நீக்கலாம், குழாயை வைக்கலாம். சாஸ்திரம் உருவத்தின் அங்குல அளவையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த விளையாட்டு நடக்காது. சித்தப்பாவுக்கு நினைவூட்டினேன்: நம் கோயிலிலும் திருப்பணி என்றால் பாலாலயம் செய்து, மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி வேறிடத்தில் வைத்துப் பூஜிக்கிறோமே, அப்போது கருவறைக்குள் உளியோடு ஆசாரி போகிறாரே? "அது திரும்ப ஏத்தறதுக்கு" என்றார். சரிதான். அங்கே கலைஞனுக்குக் கிடைப்பது திருப்பணி நாட்கள் மட்டும். இங்கே வருஷா வருஷம் புதிய மண்.

இந்த இடத்தில் நான் வகுப்பில் நடத்திய உதயனர் வந்து குறுக்கே நிற்கிறார். 10-ஆம் நூற்றாண்டில் மிதிலையில் இருந்த நியாய தரிசனக்காரர். 'நியாய குசுமாஞ்சலி' எழுதியவர். பிரதிஷ்டை என்ன செய்கிறது என்று அதில் கேட்கிறார். சிலைக்குள் தெய்வம் 'இது நான், இது என்னுடையது' என்ற பாவனையோடு நிற்கிறது. தன் சாயலை ஓவியத்தில் பார்க்கும் அரசன் அதில் தன்னைக் காண்பதைப் போல என்பது அவர் வாதம். தெய்வத்துக்கு அப்படியோர் உணர்வு உண்டென்று ஒப்பாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்: இது முன்பு பூஜிக்கப்பட்டது என்று பூஜிக்கிறவன் அறிந்திருப்பதே போதும். இவருக்கு எதிர்ப்பக்கத்தில் மீமாம்சகர்கள். அவர்களில் சபரரைக் கேட்டால் தெய்வத்துக்கு உடம்பே கிடையாது, அது எதையும் உண்பதில்லை. வேள்வியில் உச்சரிக்கும் பெயர்தான் எல்லாம்.

மீமாம்சகருக்குத் தகடும் ஒன்றுதான், தங்கமும் ஒன்றுதான். உதயனரிடம்தான் சங்கடம். அந்த அரசன் எதில் தன்னைக் கண்டுகொள்வான்? சாயல் இருந்தால்தானா? குடத்தில் விரலால் வரைந்த ஐந்து கோட்டில் கண்டுகொள்கிறவன், துடைப்பம் ஏந்திய தகட்டுப் பெண்ணில் ஏன் கண்டுகொள்ள மாட்டான்? மந்திரம் அங்கே சொல்லப்படவில்லை என்பது ஒரு பதில். சுலபமான பதில் என்பதால் எனக்கு அதில் திருப்தி இல்லை. தகட்டு உருவத்தின் முன் நின்று கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களை நானே பார்த்தேன். அவர்களிடம் போய், ஐயா, ஆவாஹனம் பக்கத்துக் குடத்தில்தான் என்று சொல்லவா முடியும்?

2020-இல் பெஹாலாவின் பரிஷா கிளப்பில் இந்தக் கேள்விக்கு ஓர் உருவமே கிடைத்தது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களை நினைத்து, ரிந்து தாஸ் என்ற கலைஞரின் யோசனையில் சிற்பி பல்லவ் பௌமிக் செய்த துர்கை: சட்டையில்லாத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு ஏழைத் தாய். அந்தக் குழந்தைதான் கார்த்திகேயன். கூடவே வரும் பெண்பிள்ளைகளின் கையில் ஆந்தையும் அன்னமும் இருந்ததால்தான் அவர்கள் லட்சுமி, சரஸ்வதி என்று தெரிந்தது. அதே வருஷம் தொற்றுக்குப் பயந்து உயர் நீதிமன்றம் பந்தல்களுக்குள் பொதுமக்கள் நுழையக் கூடாது என்றது. சிறிய பந்தலானால் 5 மீட்டர், பெரியதானால் 10 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். அந்த வருஷம் கயிறு கட்டியவர்கள் நீதிபதிகள். அந்தத் தாயை ஊரில் பெரும்பாலோர் ஃபோன் திரையில்தான் பார்த்தார்கள்.

கயிறு கட்டியவர்கள் இன்னும் உண்டு. 2015-இல் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் தேசப்பிரிய பார்க்கில் 88 அடி துர்கை என்று விளம்பரம் செய்து, பஞ்சமி அன்றே கூட்டம் நெரிந்து, போலீஸ் பார்வையாளர்களை நிறுத்திவிட்டது. உள்ளே பூஜை மட்டும் நடந்து முடிந்தது. 2021-இல் டம் டம் பார்க்கில் விவசாயிகள் போராட்டத்தைத் தீமாக வைத்த ஒரு பந்தலில் நூற்றுக்கணக்கான செருப்புகளைப் படைப்பின் பகுதியாக வைத்தார்கள். போராட்டம் கலைக்கப்படும்போது சிதறிக் கிடக்கும் செருப்புகள் அவை. அம்பாள் இருக்கும் இடத்தில் செருப்பா என்று பெரிய ரகளை, வக்கீல் நோட்டீஸ், கோர்ட். செருப்புகள் இருப்பது வெளிப்பகுதியில், பூஜை நடக்கும் மண்டபத்தில் இல்லை என்பது குழுவின் பதில். எனக்கு அதில் சிரிப்பும் வந்தது. காலில் மாட்டிய லட்சம் செருப்பு அதே வழியாக நடந்துபோனால் ஒன்றுமில்லை. சுவரில் மாட்டியதும் அபசாரம். ஆனால் எதிர்த்தவர்கள் அசடுகள் என்றும் நான் சொல்லமாட்டேன். சுவரில் மாட்டியதும் அது காட்டப்படுகிறது. காட்டப்படுவதைப் பக்கத்தில் இருக்கிறவளும் பார்க்கிறாள் என்ற பயம் அது. கலைக்கு அந்த பலம் உண்டு என்று நம்புகிறவர்களுக்குத்தான் அப்படிப் பயம் வரும்.

கலையே வழிபாடு என்று இப்போது பந்தலுக்குப் பந்தல் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ருசியில்லை. சில வருஷங்களாகப் பூஜைக்கு முன்னாலேயே வெளிநாட்டு விருந்தினர்களுக்கு முன்காட்சி வைக்கிறார்கள். சஷ்டியன்று தேவியை எழுப்பும் போதனத்துக்கு முன் என்பதால் அங்கே இருப்பது சுத்தமான கலை. சில நாள் கழித்து அதே இடத்தில் அஷ்டமி அஞ்சலிக்குப் பட்டினியோடு வந்து நிற்கிறவள் வேறு எதற்கோ வந்திருக்கிறாள். இரண்டும் ஒன்றே என்றால் இரண்டு பேருக்கும் அநியாயம். கலைஞன் தன் வேலைக்குப் பொறுப்பாளி. நன்றாக இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை வேண்டும். வழிபாடு என்று பெயர் வைத்துவிட்டால் எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் பந்தலைப் பார்க்கப் பேத்தியோடு வந்தாள். நான் கூடப் போனேன். பெட்டிக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துத் தேட ஆரம்பித்தாள். தான் கொடுத்த கடாய் எங்கே என்று. அடியில் ஒட்டுப் போட்ட கடாய், கண்டுபிடித்துவிட்டாள். நடுநாயகமாகத் தொங்கவிட்டு, சந்தன்நகர்க்காரர் அதன் கரி படிந்த அடிப்பாகத்தில் ஒரு மஞ்சள் விளக்கைக் குறிபார்த்து வைத்திருந்தார். ஜனங்கள் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "கரியோட மாட்டியிருக்காங்களே மாஷிமா. முன்னாடியே சொல்லியிருந்தா தேய்ச்சுக் குடுத்திருப்பேனே" என்றாள். அந்தக் கரிதான் அழகு என்று சிற்பி சொல்லியிருப்பார். அவர் சொல்வதும் உண்மை. ஆனால் அவள் கௌரவம் தேய்த்த பாத்திரத்தில் இருக்கிறது. சிற்பிக்கு வேண்டியது கரி. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த விஷயத்தில் சாஸ்திரமும் யோக்கியமில்லை. துர்கைக்கு வேண்டிய மண்ணில் தாசி வீட்டு வாசல் மண்ணும் சேர வேண்டும் என்பது இங்கே வழக்கம். சிலைகள் செய்யும் குமார்டுலிக்கு, தாசிகள் வாழும் சோனாகாச்சி பக்கம்தான். அங்கிருந்து மண் எடுத்தார்கள். அந்த வாசலில் நின்றவளுக்குப் பந்தலில் இடமில்லை. சோனாகாச்சிப் பெண்களின் சங்கம் உயர் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கித் தங்களுக்கென்று துர்கா பூஜை நடத்தத் தொடங்கியது 2013-இல்தான். சடங்கு வாசல் மண்ணை எடுத்தது, கலை கடாயை எடுத்தது. எடுத்ததைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். கலை அந்தக் கரியை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தது; சடங்கு மண்ணைக் குழைத்து உள்ளே மறைத்துவிட்டது. சடங்கு கேட்காத கேள்வியைக் கேட்பதற்காகவாவது அந்தத் தகட்டுப் பெண் அங்கே நிற்க வேண்டும்.

ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. பரிசு வாங்கிய துர்கைகளில் சிலவற்றை ஆற்றில் விடாமல் அங்கே வைத்திருக்கிறார்கள். கண்ணாடியைத் தண்ணீரில் இறக்கியாகிவிட்டது; சாஸ்திரப்படி அவை காலி வீடுகள். அங்கே நான் கும்பிடுவதில்லை. முதுகைக் காட்டி நின்று பேசவும் முடிவதில்லை. உதயனரின் இரண்டாவது வழி இதற்குத்தான் போலிருக்கிறது: பூஜிக்கப்பட்டது என்று அறிந்துவிட்ட கண்ணுக்கு அதை அறியாததாக ஆக்கிக்கொள்ளத் தெரிவதில்லை. விசர்ஜனம் தேவியை அனுப்பிவிடும். பார்க்கிறவனுக்குள் இருப்பதை என்ன செய்யும்?

எங்கள் புரோகிதர் பந்தலைப் பற்றி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ரயில் ஓசையின் சுவிட்ச் தன் கைக்கு எட்ட வேண்டும். இரும்புத் துர்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அஷ்டமி முடிந்து நவமி தொடங்கும் சந்தி வேளை, 48 நிமிஷம், அந்த வருஷம் இரவில் வந்தது. 108 தாமரை, 108 விளக்கு. அவர் சுவிட்சை அணைத்தார். ரயில் நின்றது, என் நீலாம்பரியும் நின்றது. ஏட்டைப் பிடித்துப் பக்கத்தில் இருந்த தந்திரதாரகர் மந்திரம் எடுத்துக் கொடுக்க, டாக் மேளம் எழும்பியது. பெட்டியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாடகப் பெண்கள் எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வேஷத்தோடேயே விளக்கேற்றினார்கள். ஒருத்தி கையில் மேக்கப்பில் போட்ட காய்ப்பு. திரி ஏற்றும்போது அதில் எண்ணெய் பட்டு வண்ணம் வழிந்தது. அவள் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த விளக்குக்குப் போனாள்.

பூஜை முடிந்து சுவிட்சை மறுபடி போட அவர் மறந்துவிட்டார். மறந்தாரா என்பது வேறு விஷயம். விடியும்வரை ஊமை ரயிலுக்குள் கூட்டம் வந்துபோய்க்கொண்டிருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. காலையில் ஒலிப் பையனுக்குக் கோபம், ஆறு வாரம் உழைத்திருக்கிறேன் என்று கத்தினான். புரோகிதர், "நாளைக்குப் போட்டுடறேன்பா" என்றார். நான் பையன் பக்கம்தான் பேசினேன். என் குரலும் அதில் இருந்ததே.